பி.எஸ்சி. சேர்ந்தவர்களுக்கு: மூன்று வருடத்தில் கைக்கு வர வேண்டியவை

"250 மில்லி லிட்டர், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வேண்டும். எத்தனை கிராம் எடுப்பீர்கள்?"

வேதியியல் பட்டதாரிகளை நேர்முகத் தேர்வில் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலானவர்கள் தாளில் ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டு "ஒரு கிராம்" என்று சொல்லிவிடுகிறார்கள். சோடியம் ஹைட்ராக்சைடின் மோலார் நிறையான 40ஐ 0.1ஆல் பெருக்கி, 250 மில்லி என்பது கால் லிட்டர் என்பதால் நாலால் வகுத்தால் ஒன்று. சரியான விடைதான். அடுத்ததாகக் கேட்பேன்: "எடுத்துக் கரைத்துவிட்டீர்கள். குடுவையின் மேல் 0.1 மோலார் என்று எழுதி ஒட்டிவிடலாமா?"

அதற்குப் பிறகு சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஒட்டக் கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பொருள். தராசில் ஒரு கிராம் காட்டினாலும் அதில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கலாம். எனவே தோராயமாகக் கரைத்து, ஆக்சாலிக் அமிலம் போன்ற நிலையான ஒன்றை வைத்துத் தரம் பார்த்து, உண்மையான செறிவு என்ன என்று கண்டுபிடித்த பிறகே லேபிள் ஒட்ட வேண்டும். இது பன்னிரண்டாம் வகுப்பிலேயே வந்த பாடம். ஆனால் பாடமாக வந்தது, பழக்கமாக வரவில்லை.

ஓர் அறிவியல் பட்டதாரியிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டால் என் பதில் இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது: தான் சொல்லும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட, கற்றல் விளைவுகளை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டச் சட்டகத்தில் பட்டதாரிகளுக்கு இருக்க வேண்டிய பண்புகள் என்று நீண்ட பட்டியலே இருக்கிறது. பாட அறிவு, தெளிவாக எடுத்துச் சொல்லும் திறன், ஆய்ந்து நோக்கும் சிந்தனை, ஆராய்ச்சித் திறன், குழுவாக உழைத்தல், கணினி அறிவு, அறநெறி, வாழ்நாள் முழுவதும் கற்றல் என்று போகிறது. தவறான பட்டியல் அல்ல. ஆனால் முதல் பருவத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவிக்கு நாளை காலை என்ன செய்வது என்று அதிலிருந்து தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் படித்தது வேதியியல், வேலை பார்த்தது மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில். அதனால் எடுத்துக்காட்டுகள் அந்தப் பக்கமே சாயும். இயற்பியல், தாவரவியல், நுண்ணுயிரியல் மாணவர்கள் தங்கள் கருவிகளைப் பொருத்திப் படித்துக்கொள்ளலாம்.

முதல் படி: அப்சர்வேஷன் நோட்டைப் பொய்யில்லாமல் எழுதுங்கள்

நம் கல்லூரிகளில் இரண்டு நோட்டுகள். அழகான கையெழுத்தில், பென்சில் படத்தோடு, பழுப்பு அட்டை போட்டு மதிப்பெண்ணுக்காக எழுதுவது ரெக்கார்டு நோட்டு. ஓரமெல்லாம் ஈரமாகி, அமிலம் பட்டு ஓட்டை விழுந்திருப்பது அப்சர்வேஷன் நோட்டு. உங்களுக்குச் சோறு போடப்போவது இரண்டாவதுதான்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். பியூரெட்டில் முதல் முறை 19.4 வருகிறது, இரண்டாம் முறை 19.8 வருகிறது. மணி ஒன்று ஆகிவிட்டது, சாப்பாட்டு மணி அடிக்கப்போகிறது. மூன்றாவது முறை பார்க்காமலே 19.8 என்று எழுதி "ஒத்த அளவு 19.8" என்று முடித்துவிடுகிறோம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், போன வருட அண்ணன்களிடம் விடையை வாங்கி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு பியூரெட் அளவைக் கண்டுபிடிப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். அதில் கணக்குத் திறமை வளரும் என்பது உண்மை. கை வளராது.

மருந்து ஆய்வகங்களில் 'அல்கோவா' என்று ஒரு சொல்லை முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்தது. பொருள் இதுதான்: பதிவை யார் எழுதினார் என்று தெரிய வேண்டும், படிக்கும்படி இருக்க வேண்டும், வேலை நடக்கும்போதே எழுதியிருக்க வேண்டும், முதலில் எழுதிய பதிவாகவே இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். இதில் மூன்றாவதும் நான்காவதும்தான் புதியவர்களை வீழ்த்தும்.

என்னையும் வீழ்த்தியது. வேலையில் சேர்ந்த புதிதில், தராசு அறைக்குப் பதிவேட்டை எடுத்துப் போக மறந்துவிட்டேன். எடையை ஒரு வடிதாள் துண்டில் குறித்துக்கொண்டு வந்து, மேசையில் உட்கார்ந்து பதிவேட்டில் அழகாக எழுதினேன். துண்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன். பக்கத்திலிருந்த மூத்தவர் பார்த்துவிட்டார். "தம்பி, முதல் பதிவு எங்கே?" என்றார். பதிவேட்டைக் காட்டினேன். "அது இரண்டாவது. முதலாவது எங்கே?" கூடையைக் கவிழ்த்து, கையுறைகளுக்கும் காகிதங்களுக்கும் நடுவே இருவருமாகத் தேடி அந்தத் துண்டை எடுத்தோம். அதில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, பதிவேட்டோடு ஒட்டி, ஏன் இப்படி நடந்தது என்று ஒரு விளக்கமும் எழுதினேன். எடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியாக இருந்தது என்பதற்கு அந்தக் கசங்கிய துண்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆகவே முதல் நாளிலிருந்தே இதைச் செய்யுங்கள். பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். தவறாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்காதீர்கள், வெள்ளை மை பூசாதீர்கள். உள்ளே இருக்கும் எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண், சுருக்கக் கையெழுத்து, தேதி. இரண்டு முறைக்கும் அளவு ஒத்துப்போகவில்லை என்றால் ஒத்துப்போகவில்லை என்றே எழுதுங்கள். பேராசிரியர் திட்டினால் திட்டட்டும். சில கல்லூரிகளில் அப்சர்வேஷன் நோட்டில் அடித்தல் இருந்தால் மதிப்பெண் குறைக்கிறார்கள். என் கருத்தில் அது தலைகீழான வழக்கம். அடித்தலே இல்லாத நோட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இரண்டாம் படி: கருவியைத் தொடுங்கள், காரணத்தைக் கேளுங்கள்

நான்கு பேருக்கு ஒரு பியூரெட் என்றால் என்ன நடக்கும்? கை நடுங்காத ஒருவர் செய்வார், ஒருவர் எழுதுவார், ஒருவர் கணக்குப் போடுவார், நான்காமவர் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவார். மூன்று வருடமும் அதே வரிசை. அந்த நான்காமவர் நீங்களாக இருந்தால் இந்த வாரமே இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். (கழுவுவதும் பெரிய வேலைதான். சரியாகக் கழுவாத குடுவையால் ஒரு நாள் உழைப்பு வீணாகும். ஆனால் அது மட்டுமே உங்கள் வேலையாக இருக்கக் கூடாது.)

கை பழகும்போதே காரணமும் பழக வேண்டும். ஒரு சின்ன எடுத்துக்காட்டு. பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலசுகிறோம். கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும் அலசுகிறோம். ஏன் இந்த வேறுபாடு? பியூரெட்டின் உள்ளே தண்ணீர்த் துளிகள் இருந்தால் கரைசல் நீர்த்துப்போகும், செறிவு மாறிவிடும். கூம்புக் குடுவையிலோ நமக்குத் தேவை செறிவு அல்ல, பொருளின் மொத்த அளவு. அதைப் பிப்பெட் முடிவு செய்துவிட்டது. அங்கே தண்ணீர் கூடினால் ஒன்றும் ஆகாது, ஆனால் கரைசலால் அலசினால் கணக்கில் வராத கூடுதல் பொருள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு சொல்பவர் செறிவு என்றால் என்ன, அளவு என்றால் என்ன என்பதைப் புரிந்துகொண்டவர். வைவாவில் இதைக் கேட்டால் மனப்பாடக்காரர் பாதியில் நின்றுவிடுவார்.

பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது என்பார்கள். அந்தத் துளி உள்ளேயே நிற்கும் என்று கணக்கில் கொண்டுதான் வழக்கமான பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலில் திரவ மட்டத்தின் கீழ்வளைவு கண்ணுக்குத் தெரியாது, அதனால் மேல்விளிம்பைப் படிக்கிறோம். தொடக்கத்திலும் முடிவிலும் மேல்விளிம்பையே படித்தால் பிழை தானாகக் கழிந்துவிடும். இப்படி ஒவ்வொரு "செய், செய்யாதே"வுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. மாதத்துக்கு ஐந்து காரணங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். பேராசிரியரை விட ஆய்வக உதவியாளருக்குச் சில காரணங்கள் நன்றாகத் தெரியும். அவரை மதித்துக் கேளுங்கள், சொல்லித் தருவார்.

தராசைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் 250 மில்லி தயாரிக்க 1.5758 கிராம் வேண்டும் என்று கணக்கில் வரும். புதியவர்கள் அந்த எண்ணைத் தராசின் முகப்பில் வரவழைத்தே தீருவது என்று கரண்டியால் ஒரு துகள் போடுவதும் அரைத் துகள் எடுப்பதுமாகக் கால் மணி நேரம் போராடுவார்கள். அதற்குள் பாதிப் பொடி தராசுத் தட்டில் சிந்திக் கிடக்கும். தேவையே இல்லை. பக்கத்தில் ஏதோ ஓர் எடை, 1.5923 என்று வைத்துக்கொள்ளுங்கள், வந்ததும் நிறுத்துங்கள். வந்த எடையை அப்படியே எழுதுங்கள். 1.5923ஐ 1.5758ஆல் வகுத்து 0.1ஆல் பெருக்கினால் செறிவு 0.1010 நார்மல். முடிந்தது. அழகான எண் வேண்டும் என்ற ஆசையைத் தராசு அறை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாம் படி: பிழையோடு குடித்தனம் நடத்தப் பழகுங்கள்

தனி ஊசல் சோதனையை எல்லாரும் செய்திருப்போம். 20 அலைவுகளுக்கான நேரத்தை எடுத்து இருபதால் வகுக்கச் சொல்வார்கள். ஏன் ஓர் அலைவை மட்டும் அளக்கக் கூடாது?

ஒரு மீட்டர் நீள ஊசலின் ஓர் அலைவு ஏறத்தாழ 2 நொடி. நிறுத்துக் கடிகாரத்தை அமுக்குவதில் நம் விரல் 0.2 நொடி தாமதிக்கிறது என்று வையுங்கள். ஓர் அலைவை அளந்தால் 2இல் 0.2, அதாவது பத்து சதவீதப் பிழை. 20 அலைவு என்றால் 40 நொடியில் அதே 0.2, அரை சதவீதம்தான். புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும்போது நேரம் இருபடியாக வருவதால் பிழை இரட்டிக்கும். முதல் வழியில் இருபது சதவீதம், இரண்டாம் வழியில் ஒரு சதவீதம். ஊசலும் அதே, கடிகாரமும் அதே, விரலும் அதே. திட்டமிட்ட விதம் மட்டும்தான் வேறு. நூலின் நீளத்தை ஒரு மில்லி மீட்டர் தவறாக அளந்தாலும் வரும் பிழை 0.1 சதவீதம்தான். ஆக, முதலில் கவனம் செலுத்த வேண்டியது நேரத்தின் மேல், நீளத்தின் மேல் அல்ல. சோதனையைத் தொடங்கும் முன்பே இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவரைத்தான் ஆய்வு மனப்பான்மை உள்ளவர் என்று சொல்வேன்.

இதோடு சேர்ந்ததுதான் முக்கிய இலக்கங்களோடு நிறுத்தும் ஒழுங்கு. கால்குலேட்டர் 0.098734216 என்று காட்டினால் அப்படியே எழுதாதீர்கள். பியூரெட்டில் 0.05 மில்லி வரைதான் படித்தீர்கள், ஒன்பது இலக்கம் எங்கிருந்து வந்தது? 0.0987 போதும். விண்ணப்பதாரர் ஒருவரின் புராஜெக்ட் அறிக்கையில் எட்டுத் தசம இடம் பார்த்தால், அவர் வேலையைச் செய்தார், ஆனால் செய்ததைப் பற்றி யோசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

நான்காம் படி: கணினியில் ஒன்று, ஆனால் ஒழுங்காக

எல்லா மென்பொருளையும் கற்க வேண்டாம். முதல் வருடம் முடிவதற்குள் ஒரு விரிதாள், எக்செல் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ், கைக்கு வர வேண்டும். சராசரி, திட்ட விலக்கம், நேர்கோட்டின் சாய்வு, வெட்டுத்துண்டு, வரைபடம் ஆகிய ஐந்தும் போதும். இரண்டாம் வருடத்தில் பைத்தான் தொடங்கலாம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பலவற்றுக்குத் தமிழ் ஒலிப்பதிவும் இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பணம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகளில், பெயர் கவர்ச்சியாக இருப்பதைத் தேடாமல், தரவுகளைக் கையாளக் கற்றுத்தருவதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. நிறமானியில் (கலரிமீட்டர்) 2, 4, 6, 8, 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கரைசல்களை வைத்து ஒரு நேர்கோடு வரைந்தீர்கள். தெரியாத மாதிரி அந்தக் கோட்டில் 14 என்று வருகிறது. விரிதாள் மறுப்புச் சொல்லாது, 14 என்று காட்டிவிடும். நீங்கள்தான் மறுக்க வேண்டும். பத்துக்கு மேல் அந்தக் கோடு நேராகப் போகிறதா வளைகிறதா என்று நீங்கள் பார்க்கவே இல்லை. மாதிரியை இரண்டு மடங்கு நீர்த்து, கோட்டுக்குள் கொண்டுவந்து, மறுபடி அளந்து, பிறகு இரண்டால் பெருக்குங்கள்.

ஐந்தாம் படி: எழுதியதைப் படித்து இன்னொருவர் செய்ய வேண்டும்

தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் பருவத்தில் வயிற்றைக் கலக்குவது ஆங்கிலம். எனக்கும் அப்படித்தான். உள்ள நிலைமையைச் சொல்கிறேன். ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையிலோ கடலூர் சிப்காட்டிலோ ஷிப்டில் பேசிக்கொள்வது பெரும்பாலும் தமிழ்தான். பதிவேடும் செய்முறை ஆவணமும் கருவிக் கையேடும் ஆங்கிலம். ஆகவே முதலில் தேவைப்படுவது நுனிநாக்குப் பேச்சு அல்ல. பிழையில்லாமல் ஒரு பத்தி எழுதவும், ஒரு பக்கம் படித்துப் புரிந்துகொள்ளவும் வர வேண்டும். உங்கள் ஆய்வகத்திலிருக்கும் அமிலத்தன்மை அளவியின் (பி.எச். மீட்டர்) கையேட்டை வாங்கி, நாளுக்கு ஒரு பக்கம் அகராதியோடு படியுங்கள். கதைப் புத்தகத்தை விட வேகமாக வேலைக்கான ஆங்கிலம் வரும்.

எழுதப் பழக நான் மாணவர்களுக்குச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு கரைசல் தயாரிக்கும் முறையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி ஒரு தோழியிடம் கொடுங்கள். எழுதியிருப்பதை மட்டுமே அவர் செய்ய வேண்டும், எழுதாததைச் செய்யக் கூடாது. நீங்கள் பக்கத்தில் வாய்மூடி நிற்க வேண்டும். "கரைக்கவும்" என்று எழுதியிருப்பீர்கள், எதில் என்று இருக்காது. "குறி வரை நிரப்பவும்" என்று இருக்கும், சூடாக இருக்கும் கரைசல் ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும் என்பது விட்டுப்போயிருக்கும். தோழி தயங்கி நிற்கும் ஒவ்வோர் இடமும் உங்கள் எழுத்தின் ஓட்டை. இரண்டு முறை செய்தால் போதும், அதற்குப் பிறகு "தேவையான அளவு" என்ற சொல்லை எழுதவே கை கூசும்.

ஆறாம் படி: பாதுகாப்பு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் அல்ல. வாயால் பிப்பெட்டை உறிஞ்சச் சொன்னால் ரப்பர்க் குமிழ் கேளுங்கள். லேபிள் இல்லாத குடுவையை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவு அறிக்கை இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும். முதலுதவி, சிந்தினால் செய்ய வேண்டியது, கையாளும் முறை ஆகியவற்றையாவது சோதனைக்கு முன் படியுங்கள்.

ஏழாம் படி: விடுமுறையில் கல்லூரிக்கு வெளியே போங்கள்

சி.வி.ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1906இல் லண்டனிலிருந்து வெளிவந்த பிலசாபிக்கல் மேகசினில் அச்சாயிற்று. அப்போது அவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், இன்னும் பதின்வயது தாண்டாதவர். கல்லூரி நிறமாலைமானியை வைத்துக்கொண்டு, ஒளி சாய்வாக விழும்போது தெரியும் சமச்சீரற்ற விளிம்பு வரிகளைக் கவனித்து எழுதியது. முப்பட்டகத்தின் கோணத்தை அளக்க எல்லா மாணவர்களும் தொடும் கருவிதான் அது. "பாடத்தில் இல்லை" என்று அவர் அந்த வரிகளை விட்டுவிடவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்குக் கதவுகள் கூடுதல். பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் கழகம் என்ற பெயரில் இரண்டு உண்டு, குழம்ப வேண்டாம்: ஒன்று டாடா பெயரில் அறியப்படும் கல்வி நிறுவனம். மற்றொன்று 1934இல் ராமன் தொடங்கிய அறிவியல் அகாதமி. இந்த அகாதமியும், டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களிலுள்ள மற்ற இரு தேசிய அகாதமிகளும் சேர்ந்து கோடைகால ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரின் கீழ் வேலை செய்யலாம். கோடைக்காக விண்ணப்பிக்க வேண்டியது முந்தைய வருடத்தின் இறுதி மாதங்களில். ஏப்ரலில் விழித்துக்கொண்டு பயனில்லை. ஏன் இந்த ஆய்வில் ஆர்வம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். "சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்காமல், ஆய்வகத்தில் உங்களுக்கு விடை தெரியாமல் போன ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் என்று நம் பக்கத்திலேயே இருக்கின்றன. இவற்றில் முதலிரண்டு போன்ற சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம்) ஆய்வகங்கள் நிறுவன நாளான செப்டம்பர் 26ஐ ஒட்டிப் பொதுமக்களுக்குக் கதவு திறப்பது வழக்கம். நண்பர்களோடு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஊரிலிருக்கும் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் எவ்வளவு என்று அளந்துதான் அங்கே பாலுக்கு விலை போடுகிறார்கள். விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று, மாதிரியை எப்படிக் கலக்கி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். கேனை நன்றாகக் கலக்காமல் மேலாக எடுத்தால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும், அடியிலிருந்து எடுத்தால் குறையும். மாதிரி எடுத்தல் என்ற தலைப்பில் பாடப்புத்தகத்தில் இருக்கும் நாலு பக்கமும் அந்தக் கரண்டியில் இருக்கிறது. அளவு குறைந்தால் எதிரில் நிற்கும் அம்மாவுக்குக் காசு குறையும், அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

எட்டாம் படி: மூன்றாம் வருடத்தில் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

மேற்படிப்பு என்றால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். வேதியியல், இயற்பியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல் (ஜியாலஜி), பொருளாதாரம் என்று ஏழு தாள்கள். இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம். சில கேள்விகளுக்கு விடைகளே தரப்பட்டிருக்காது, எண்ணை நீங்களே கணக்கிட்டு உள்ளிட வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். பழைய வினாத்தாள்களை இரண்டாம் வருட விடுமுறையிலேயே தொடங்கினால்தான் நேரம் கிடைக்கும். அரியர் வைத்திருந்தால் முதலில் அதை முடியுங்கள். சேர்க்கைக்கும் வேலைக்கும் கடைசி நேரத்தில் காலை வாருவது அதுதான்.

வேலை என்றால் தன்விவரக் குறிப்பு ஒரு பக்கம் போதும். "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர், விரைவாகக் கற்பவர்" என்ற வரிகளை எல்லாரும் எழுதுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதில் எதை எத்தனை முறை செய்தீர்கள் என்று எழுதுங்கள். "பெர்மாங்கனேட் தரம்பார்த்தல், தனியாக, 12 முறை" என்ற ஒரு வரிக்கு என்னிடம் மதிப்பு அதிகம். கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியைக் கல்விச் சுற்றுலாவில் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்திருந்தால் "பார்த்திருக்கிறேன்" என்று எழுதுங்கள். "இயக்கத் தெரியும்" என்று எழுதினால், நகரும் கரைசலை எந்தத் துளையளவுள்ள வடிதாளில் வடித்தீர்கள் என்று கேட்பேன். 0.45 மைக்ரான் என்ற விடை நினைவிலிருந்தாலும், வடிக்காவிட்டால் என்ன ஆகும், காற்றுக்குமிழி ஏன் போக்க வேண்டும் என்று தொடர்வேன். பார்த்ததைப் பார்த்தது என்று சொன்னவரை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட்டதில்லை.

இன்னொரு கேள்வியும் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "மாத்திரையில் மருந்தளவு 98 முதல் 102 சதவீதம் இருக்க வேண்டும். உங்களுக்கு 97.6 வருகிறது. இரவு பதினொரு மணி. என்ன செய்வீர்கள்?" பலரும் "இன்னொரு முறை செய்து பார்ப்பேன்" என்கிறார்கள். கேட்க நல்ல பதில் போலத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது முறை 98.3 வந்தால் முதலாவதை என்ன செய்வீர்கள்? கிழித்துப் போடுவீர்களா? கல்லூரியில் ஒத்த அளவு தேடிய பழக்கம் இங்கே வந்து நிற்கிறது. செய்ய வேண்டியது வேறு. 97.6 என்று எழுத வேண்டும். கரைசல்களைக் கொட்டாமல் அப்படியே வைக்க வேண்டும். மேலாளரை எழுப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இருவருமாக எடை, நீர்த்தல், கணக்கு, கருவி என்று ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். தவறு உங்களுடையதாக இருக்கலாம், மருந்தே சரியில்லாமலும் இருக்கலாம். எது என்று தெரிவதற்கு முன்னால் மறுபடி செய்வது, கேள்வியை அழித்துவிட்டு விடை எழுதுவது போல.

"தெரியாது" என்ற பதிலுக்குப் பயப்பட வேண்டாம். "தெரியாது, ஆனால் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன், இப்படிச் சரிபார்ப்பேன்" என்றால் இன்னும் நல்லது. ஐந்து நிமிடம் சுற்றி வளைத்துப் பேசுபவரை விட, நேராகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாராக உட்காருபவரோடு இரவுப் பணி பார்ப்பது எளிது.

நேர்முகத் தேர்வுக்கு வரும்போது மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நகல்கள், புகைப்படம் எல்லாம் கோப்பில் வைத்துக்கொண்டு வருவீர்கள். அதோடு அந்தப் பழைய அப்சர்வேஷன் நோட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இருந்தாலும் கொண்டுவாருங்கள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தால், ஒற்றைக் கோடு போட்டு அடித்த ஓர் எண்ணைத் தேடிப் பிடித்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று அதிலிருந்துதான் தொடங்குவேன்.